மாப்ள, நாய் நல்லாத்தான் பழகியிருக்கு

வாங்க மாப்ள, இப்படிக் கயித்துக் கட்டில்ல உக்காருங்க. நாயை அவுத்து விடுங்க. வாசக்கதவு சாத்தித்தான் கெடக்கு, எங்கயும் போயிராது. நேத்து ராத்திரி பொங்கலுக்குன்னு வந்து எறங்குனதுல இருந்து ஒரே பாட்டாப் பாடுதீக: "மாமா, ஒங்க ஊரு நாய் சொல்பேச்சே கேக்க மாட்டேங்குது." எங்க ஊரு நாய்தான், இல்லேங்கல. சிப்பிப்பாறை இங்கன பக்கத்துலதான் இருக்கு. போன ஆனியில நீங்களும் எங்க புள்ளையுமா வந்து, ரெண்டு மாசக் குட்டியத் துண்டுல சுத்தித் தூக்கிட்டுப் போனீக. வேளச்சேரியில மூணாவது மாடியில ஏத்தி, லியோன்னு பேரும் வச்சீக. சிங்கம்னு அர்த்தமாம்ல, பேத்தி சொன்னா. சிங்கம்னு பேரு வச்சிட்டு, அது பூனை மாதிரி இருக்கணும்னு ஆசப்படுதீக. ஆசைக்கு என்ன, காசா பணமா.

காலையில இருந்து ஒங்க ரெண்டு பேரையும் திண்ணையில உக்காந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். எனக்குப் பட்டதைச் சொல்லவா? வீட்டு மாப்பிள்ளை, கோவிச்சுக்கிடக் கூடாது. நாய் நல்லாத்தான் பழகியிருக்கு. ஒங்க வீட்டுல பழக்குறதுல கெட்டிக்காரர் ஒருத்தர் இருக்காரு. என்ன, அவருக்கு நாலு காலு.

விடியக்காலம் அஞ்சு மணிக்குக் குலைச்சா எந்திரிச்சுக் கீழ கூட்டிட்டுப் போறதாச் சொன்னீக. மொதல்ல ஒரு குலைப்புக்கே எந்திரிச்சீக. பெறகு எங்க புள்ள, "எந்திரிக்காதீங்க, தானா அடங்கும்"னு சொல்லியிருக்கா. நீங்களும் தலகாணியக் காதுல அமுக்கிக்கிட்டு அரைமணி நேரம் பல்லைக் கடிச்சீக. கடைசியில பக்கத்து வீட்டுக்காரர் செவுத்தைத் தட்டவும், லுங்கியக் கட்டிக்கிட்டு ஓடுனீக. அதுக்கு என்ன தெரிஞ்சுபோச்சு? இந்தாளுக்கு ஒரு குலைப்பு பத்தாது, அரைமணி நேரம் விடாமக் குலைச்சாத்தான் எந்திரிப்பாருன்னு தெரிஞ்சுபோச்சு. எந்திரிக்காம இருந்தா அடங்கும்னு புள்ள சொன்னது சரிதான். ஆனா அடங்குறதுக்கு முன்னால ஒரு ஆட்டம் ஆடித்தான் அடங்கும். இவ்வளவு நாளாக் கெடச்சது திடீர்னு கெடைக்கலன்னா, யாரா இருந்தாலும் இன்னும் ரெண்டு சத்தம் கூடத்தான போடுவாக? அந்த ஆட்டத்தைத் தாங்க முடியாதவுக ஆரம்பிக்கவே கூடாது. அது குலைக்கிறதுக்கு முன்னால, நாலே முக்காலுக்கு நீங்களா எந்திரிச்சுக் கூட்டிட்டுப் போங்க. பெறகு மெல்ல மெல்ல அஞ்சேகால், அஞ்சரைன்னு தள்ளுங்க. குலைப்புக்கும் கதவுக்கும் சம்பந்தம் இல்லன்னு அதுக்கே வெளங்கிரும்.

செருப்புக் கதையும் அதே கதைதான். காலையில ஒங்க தோல் செருப்பை அது கவ்வுனதும், "ஏய் ஏய்"னு கூவிக்கிட்டு முத்தத்தை நாலு சுத்து சுத்துனீக பாருங்க, தெருவே வந்து வேடிக்கை பாத்துச்சு. அது என்ன நாயி? கண்ணால பாத்து, ஓடி வெரட்டுறதுக்குன்னே தலைமுறை தலைமுறையா வளத்த நாயி. நீண்ட காலும் ஒட்டுன வயிறும் கூர்மூஞ்சியும் அதுக்குத்தான். முன்னால இதுகளை வச்சு முயல் வெரட்டுவாகளாம். 1972 வனவிலங்குச் சட்டம் வந்தப்புறம் அது குத்தம், அதனால நான் பாத்ததே இல்ல, சொல்லக் கேள்விதான். சிரிக்காதீக. அப்பேர்ப்பட்ட நாய்க்கு மூணாவது மாடியில பகல் பூராம் ஒரு சோலி இல்ல. சாயங்காலம் ஒத்தைச் செருப்பைத் தூக்குனா, படிச்ச மனுசன் ஒருத்தர் பின்னாலயே ஓடி வாராரு. இந்தச் சொகத்தை விட்டுட்டு அது எதுக்கு நல்ல பிள்ளையா மூலையில படுத்திருக்கணும்?

நாலு மாசத்துல இருந்து ஆறேழு மாசம் வரைக்கும் 28 பால்பல்லு விழுந்து 42 பல்லு முளைக்கும், ஈறு அரிக்கும். அப்பக் கடிச்சது அதோட குத்தம் இல்ல. இப்பக் கடிக்கிறது நீங்க சேத்துவிட்ட பழக்கம். செருப்பை மேல வைக்கணும்னு நாய்க்கா சொல்லிக் குடுக்க முடியும்?

என்ன, போன் வருதா? பாருங்க, பாருங்க. மேனேசரா? பேசிட்டே வாங்க, நான் இங்கனதான் இருக்கேன்.

பேசியாச்சா? உள்ள வச்சிட்டீகளா? சரி, இந்தாங்க, கோவில்பட்டிக் கடலைமிட்டாய். 2020-ல புவிசார் குறியீடு வாங்குன மிட்டாய் இது. நாய்க்குக் குடுத்துராதீக, நமக்குத்தான்.

ஒண்ணு கேக்குதேன். அது மூலையில சும்மா படுத்திருக்கும்போது நீங்க என்ன செய்வீக? "அப்பாடா"ன்னு போனை எடுப்பீக. குலைச்சா ஏறிட்டுப் பாப்பீக. கடிச்சா எந்திரிச்சு ஓடுவீக. மேல தாவுனா ரெண்டு கையாலயும் புடிச்சுத் தள்ளுவீக, அதுக்கு அது கட்டிப்புடிக்கிற மாதிரித்தான் தெரியும். அப்ப ஒங்க வீட்டுல கூலி பூராம் குறும்புக்குத்தான். ஒழுங்கா இருந்த நேரத்துக்கு நயா பைசா கெடையாது. வையிறதும் கூலிதான் மாப்ள. நாள் முச்சூடும் தனியாக் கெடக்குற நாய்க்கு வசவும் ஒரு வரும்படி.

குட்டியா இருக்கும்போது வீட்டுக்குள்ள ஒண்ணுக்கு இருந்துச்சுன்னு மூஞ்சியப் புடிச்சு அதுலயே தேச்சீகளாமே, எங்க புள்ள சொல்லி வருத்தப்பட்டா. இந்த யோசனை யாரு குடுத்தா, ஆபீஸ் சிநேகிதரா? நல்ல சிநேகிதர். அதனால நாய் என்ன கத்துக்கிட்டுன்னு தெரியுமா? ஒண்ணுக்கு இருக்கிறது தப்புன்னு அதுக்கு எப்படித் தெரியும், நீங்க பாக்க இருந்தாத்தான் வம்புன்னு கத்துக்கிட்டு. அதான் கீழ ஒரு மணி நேரம் வாரைப் புடிச்சுக்கிட்டு நின்னாலும் காலைத் தூக்க மாட்டேங்குது, மேல வந்து சோபாவுக்குப் பின்னால போயி முடிச்சிருது. வெக்கப்படுதுன்னு நீங்க நினைச்சீக. பயப்படுது.

"இல்ல மாமா, அதுக்குத் தப்பு செஞ்சது தெரியும். நான் கதவைத் தெறந்ததும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு, வாலைச் சுருட்டிக்கிட்டு நிக்கும்"ங்கீக. நானும் அப்படித்தான்னு சொல்லிக்கிட்டு இருந்திருப்பேன், இந்த ராமையன்பட்டி கால்நடைக் காலேசுல படிக்கிற பேத்தி இல்லேன்னா. அவ படிச்சதை எல்லாம் ஞாயித்துக்கிழமை போன்ல எனக்கு ஒப்பிப்பா. 2009-ல அமெரிக்காவுல அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு ஒரு அம்மா இதையே சோதிச்சிருக்காக. பிஸ்கோத்தை வச்சு, தொடக்கூடாதுன்னு நாய்கிட்டச் சொல்லிட்டு எசமான் வெளிய போயிரணும். உள்ள சில நாய்க்கு அவுகளே பிஸ்கோத்தை ஊட்டிருவாக, சில நாய்க்கு எடுத்து ஒளிச்சிருவாக. எசமான் திரும்பி வரும்போது தின்ன நாயைத் திங்கலைன்னும், திங்காத நாயைத் தின்னுட்டுன்னும் மாத்திச் சொல்லுவாக. எந்த நாய் மூஞ்சியத் தொங்கப் போட்டுச்சுங்கீக? தின்ன நாயில்ல, வசவு வாங்குன நாய். அதுலயும் ஒண்ணும் அறியாத நாய்தான் கூடத் தொங்கப் போட்டுச்சாம். அப்ப ஒங்க வீட்டு நாய் வாசல்ல படிக்கிறது சோபாவுக்குப் பின்னால நடந்ததை இல்ல, ஒங்க மூஞ்சிய. ஆபீஸ்ல எவனோ வஞ்சதுக்குக் கடுப்புல வந்திருப்பீக, பாவம், அது தலைகுனிஞ்சு நிக்கி.

அடிக்கவே கூடாதான்னு கேக்குதீக. ஏன் கூடாது? தாராளமா அடிங்க. 1960-ல வந்த மிருகவதைத் தடைச் சட்டப்படி மொதத் தடவைக்கு அபராதம் 10 ரூபாயில இருந்து 50 ரூபா வரைக்கும்தான், ரெண்டு டீ ரெண்டு வடைக் காசு, ஒங்க சம்பளத்துக்குத் தாங்கும். ஆனா அடிக்கிறதுன்னா முறையா அடிக்கணும். தப்பு செஞ்ச ஒரு நொடிக்குள்ள அடி விழணும், அரைமணி கழிச்சு ஆபீஸ்ல இருந்து வந்து அடிச்சா அது கதவு தெறந்ததுக்கு வாங்குன அடியாத்தான் அதுக்குத் தெரியும். ஒரு தடவைகூட விட்டுறாம ஒவ்வொரு தடவையும் விழணும், தப்பிச்ச ஒரு தடவை போதும் அதுக்கு. கூடவும் இல்லாம கொறையவும் இல்லாம அளவா விழணும். கோவத்துல அடிக்கவே கூடாது. இம்புட்டும் ஒங்களால முடியுமா? முடியும்னா, அவ்வளவு கண்ணும் கையும் உள்ள ஆளுக்கு ஒரு துண்டு ஈரலே போதுமே. பெரம்பு எதுக்கு?

அடுத்து அந்தத் தலைவர் கதை. "நான்தான் இந்த வீட்டுத் தலைவன்னு அதுக்குக் காட்டணும் மாமா, ஓநாய்க் கூட்டத்துல அப்படித்தான்"னு வீடியோ பாத்துட்டு அதை மல்லாத்திப் போட்டு அமுக்குனீகளாமே. அந்த ஓநாய்க் கதை எங்கெருந்து வந்துச்சு தெரியுமா? சுவிட்சர்லாந்துல பாசல் மிருகக்காட்சிச் சாலையில, ஒண்ணுக்கொண்ணு ஒறவில்லாத ஓநாய்களை ஒரே கூண்டுல அடைச்சு வச்சு, அதுக அடிச்சுக்கிட்டதைப் பாத்து ருடால்ஃப் ஷெங்கல்னு ஒருத்தர் 1947-ல எழுதுனது. பிக் பாஸ் வீட்டைப் பாத்துட்டு, தமிழ்நாட்டுக் குடும்பம்னா இப்படித்தான் விடிஞ்சா அடைஞ்சா சண்டை போடும்னு எழுதுனா எப்படி இருக்கும்? காட்டுல ஓநாய்க் கூட்டம்னா பெரும்பாலும் அப்பன் ஆத்தா பிள்ளைகதான். அந்தத் தலைவர் பேச்சைத் தன் பொஸ்தகத்துல பரப்புன டேவிட் மீச்சே, காட்டு ஓநாயைப் பல வருசம் பாத்துட்டு, அந்தப் பேச்சு இதுகளுக்குப் பொருந்தாதுன்னு 1999-ல எழுதிட்டாரு. அவரே கைவிட்டதை நீங்க வேளச்சேரியில புடிச்சுத் தொங்குதீக. அது கெடக்கட்டும். ஒங்க வீட்டுல தலைவர் யாருன்னு நாய்க்கு எப்பவோ தெரியும். சோறு வைக்கிறது எங்க புள்ளதான?

பையில என்ன, கழுத்துப்பட்டையா? பட்டனை அமுக்குனா கரண்டு அடிக்குமாம்ல. குடுங்க பாப்போம். ம்... இது எம்புட்டு ரூபா? இதைப் போடுறதுக்கு வேல்ஸ் நாட்டுல 2010-லயே தடை போட்டுட்டாகன்னு பேத்தி சொன்னா. இங்க அதெல்லாம் இல்ல, அதனால கவலைப்படாம மொதல்ல ஒங்க கழுத்துல மாட்டுங்க, பட்டனை நான் அமுக்குதேன். ஏன் பின்னால நகருதீக? லேசாத்தான் அடிக்கும்னு நீங்கதான சொன்னீக.

போர்ச்சுகல் நாட்டுல 92 வீட்டு நாய்களை வச்சு ஒரு சோதனை செஞ்சு 2020-ல போட்டாக. சில நாய் அடிச்சு இழுத்துப் பழக்குற பள்ளிக்கூடத்துல படிச்சது, சில நாய் தீனி குடுத்துப் பழக்குற பள்ளிக்கூடம். எச்சில் எடுத்துப் பாத்தா, அடி வாங்குற பள்ளிக்கூடத்து நாய்க்கு பாடம் முடிஞ்சதும் பதட்டச் சத்து கூடியிருந்துச்சாம். அது போகட்டும், இன்னொண்ணு செஞ்சாக பாருங்க, அதுதான் எனக்கு மனசுல நிக்கி. ஒரு பக்கம் கிண்ணம் வச்சா அதுல தீனி இருக்கும், இன்னொரு பக்கம் வச்சா இருக்காதுன்னு மொதல்ல நாய்க்குப் பழக்கிட்டு, பெறகு கிண்ணத்தை நட்டநடுவுல வைக்கிறாக. தீனி வாங்கிப் பழகுன நாய் "இருந்தாலும் இருக்கும்"னு வெரசாப் போயிப் பாக்குது. அடி வாங்கிப் பழகுனது மெல்லமாத் தயங்கித் தயங்கிப் போகுது. இதுல எங்க சோறு இருக்கப் போகுதுன்னு அதுக்கு ஒரு நினைப்பு. அடிக்கிறது முதுகுல மட்டும் விழல மாப்ள.

இன்னொரு காரியம். சோத்துச் சட்டியில கை வச்சா உறுமுதுன்னு மண்டையில தட்டுனீகளா? தட்டித் தட்டி உறுமலை நிப்பாட்டிருவீக, அது ஒங்க சாமர்த்தியம். ஆனா உறுமுறதுங்கிறது நாய் குடுக்கிற நோட்டீசு. "எனக்குப் பயமா இருக்கு, தள்ளிப் போங்க"ன்னு முறையாச் சொல்லுது. நோட்டீசு குடுத்தா அடி விழுதுன்னு தெரிஞ்சா, அடுத்து அது நோட்டீசு குடுக்காம நேராக் கடிக்கும். "திடீர்னு கடிச்சிருச்சு"ன்னு ஊரெல்லாம் சொல்லுவீக. திங்கும்போது சட்டியத் தொடாதீக. தூரத்துல இருந்தே ஒரு துண்டு முட்டையத் தூக்கிச் சட்டியில போட்டுட்டு நீங்க பாட்டுக்குப் போங்க. நாலு நாள் போகட்டும், ஒங்க காலடிச் சத்தம் கேட்டாலே, சட்டி போகப் போகுதுன்னு நினைக்காது, முட்டை வரப்போகுதுன்னு நினைக்கும். நாள் ஆகியும் உறுமல் கொறையலன்னா, நீங்க வீரம் காட்டாம நாய்ப் பழக்கம் தெரிஞ்ச டாக்டரைப் பாருங்க.

எப்படித்தான் பழக்குறதுன்னு கேட்டீகளா, கேக்கலையா? கேட்ட மாதிரித்தான் இருக்கு மூஞ்சி. இந்தாங்க இன்னொரு கடலைமிட்டாய்.

உள்ள அத்தை கோழி ஈரல் அவிச்சு வச்சிருக்கா. உப்பு ஒறைப்பு ஒண்ணும் போடல. அதைக் கடலைப்பருப்பு அளவுக்கு நறுக்கணும். பெரிசா நறுக்குனா அது மென்னு முடிக்கிறதுக்குள்ள பாடம் மறந்துபோகும், வயிறும் நெறைஞ்சிரும். ஈரலை நெதமும் அள்ளிப் போடவும் கூடாது, அவிச்ச முட்டை, கோழிக்கறின்னு மாத்தி மாத்திக் கொஞ்சமா வச்சுக்கிடுங்க. பழக்குற தீனி எம்புட்டோ அம்புட்டைச் சோத்துல கொறைச்சிரணும். சாக்லேட்டு, திராட்சை, வெங்காயம், இது மூணும் நாய்க்கு விசம், கைதவறிக்கூடக் குடுத்துராதீக.

இப்பப் பாருங்க. ரெண்டு வெரலுக்கு நடுவுல ஒரு துண்டை வச்சு அதோட மூக்குக்கிட்டக் காட்டுதேன். மோந்து பாக்குதா? அப்படியே கையை மெல்ல அதோட தலைக்கு மேல, பின்பக்கமாக் கொண்டுபோறேன். மூக்கு மேல வருது, கழுத்து நிமிருது. பின்னங்காலு என்ன செய்யும்? வேற வழியில்ல, மடங்கும். மடங்குதா, மடங்குதா... குண்டி தரையத் தொட்டுச்சு, "பேஷ்!" பாத்தீகளா, தொட்ட அந்த நொடியில சொல்லிட்டேன், ஈரல் பெறகுதான் வாய்க்குப் போச்சு. அதோட முதுகை நான் தொடவே இல்ல. நீங்க காலையில செஞ்சது எப்படி? "சிட் சிட் சிட்"னு மந்திரம் மாதிரிச் சொல்லிக்கிட்டே இடுப்பைப் புடிச்சு அமுக்குனீக. நீங்க அமுக்க, அது எதிர்த்துத் தள்ள, ரெண்டு பேருக்கும் நல்ல தேகப்பயிற்சி. வார்த்தை கடைசியாத்தான் வரணும். கை அசைஞ்சாலே தானா உக்காருதுன்னு ஆனதும், கையை அசைக்கிறதுக்கு ஒரு விநாடி முன்னால "உக்காரு"ன்னு ஒருக்கச் சொல்லணும், ஒருக்கத்தான். அப்புறம் கையில தீனி இல்லாமலே கையை அசைச்சு, உக்காந்ததும் இன்னொரு கையில இருந்து குடுக்கணும். இல்லேன்னா ஈரலைக் காட்டுனாத்தான் உக்காருவேன்னு அது ஒங்களைப் பழக்கிரும். வீட்டுல எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லணும். நீங்க "சிட்"டு, எங்க புள்ள "உக்காரு", ஒங்கம்மா "கீழ கெட", வாச்மேன் "பைட்டோ"ன்னா, அது வீட்டுப்பாடம் எழுதியா படிக்கும்?

இந்தப் "பேஷ்" எதுக்குன்னு கேளுங்க. ஈரல் பையில இருந்து வாய்க்குப் போறதுக்குள்ள நாய் எந்திரிச்சு, கொட்டாவி விட்டு, காக்காயப் பாத்திருக்கும். அப்பக் குடுத்தா காக்காயப் பாத்ததுக்குக் கூலி. அதனால, எந்த நொடிக்குக் கூலின்னு ஒரு சத்தத்தால குறிச்சு வச்சிரணும். சத்தம் வந்தா தீனி வரும்னு மொதல்ல பழக்கிட்டா, பெறகு சத்தமே தீனி மாதிரி. ரஷ்யாவுல பாவ்லோவ்னு ஒருத்தரு இருந்தாரு, 1904-ல நோபல் பரிசு வாங்குனாரு. பரிசு நாய் பழக்குனதுக்கு இல்ல, சீரண ஆராய்ச்சிக்கு. சோறு வாரதுக்கு முன்னாலயே, சோறு வைக்கிற ஆளு காலடி கேட்டதும் நாய்க்கு எச்சில் ஊறுதேன்னு அவரு கண்டுக்கிட்டதுலதான் இதெல்லாம் ஆரம்பம். அடுத்து அமெரிக்காவுல ஸ்கின்னர். அவரு ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்துல குண்டுக்கு வழிகாட்டப் புறாவைப் பழக்குன ஆளு. 1951-ல, திருவிழாக் கடையில விப்பான்ல, அமுக்குனா டக்குனு சத்தம் போடுற தகரப் பொம்மை, அதை வச்சே வீட்டு நாயைப் பழக்கலாம்னு எழுதியிருக்காரு.

இதுல எனக்குப் புடிச்சவுக கரென் பிரையர்னு ஒரு அம்மா. 1960-கள்ல ஹவாய்த் தீவுல டால்பின் பழக்குனவுக. யோசிச்சுப் பாருங்க, டால்பினை எப்படி அடிப்பீக? வாரைப் போட்டு இழுப்பீகளா, மல்லாத்தி அமுக்குவீகளா? கோவம் வந்து கையை ஓங்குனா அது பாட்டுக்குத் தொட்டியோட மறுகரைக்கு நீந்திப் போயிரும். விசிலும் மீனும் தவிர அவுககிட்ட வேற ஆயுதம் இல்ல. அதை வச்சே வளையத்துல தாவ வச்சாக. அந்த அனுபவத்தைத்தான் 1984-ல பொஸ்தகமா எழுதுனாக, அதை நாய்க்காரக எடுத்துக்கிட்டாக. நம்ம நாய்க்குக் கெட்ட நேரம், அது தரையில நடக்கு, கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு.

வாரை இழுத்துக்கிட்டு ஓடுதுன்னீகள்ல, அது சின்னச் சோலி. இழுத்தா நீங்க கல்லாட்டம் நில்லுங்க, ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. அது திரும்பிப் பாத்து வாரு தொய்ஞ்சதும் "பேஷ்", நடங்க. இழுத்தா பாதை அடைபடும், தொய்ஞ்சா பாதை தெறக்கும். மொத நாளு தெருமுக்குக்குப் போகவே அரைமணி ஆகும், அதுக்கு நான் பொறுப்பில்ல.

கூப்பிட்டா வாரதுதான் பெரிய சோலி. பூங்காவுல நீங்க எப்பக் கூப்பிடுவீக? வீட்டுக்குக் கெளம்பும்போது. கூப்பிட்டு, வாரை மாட்டி, மேல ஏத்தி, கதவைச் சாத்திருவீக. ரெண்டு தடவை கூப்பிட்டு, வந்ததும் "இம்புட்டு நேரமாடா"ன்னு முதுகுல ஒண்ணு வேற வச்சிருக்கீக. அது ஏன் வரும்? வாங்க சாப்பிடலாம்னு கூப்பிட்டு, வந்ததும் கடனைக் கேட்டா நீங்க அடுத்த தடவை அந்தத் தெருப்பக்கம் போவீகளா? சும்மா கூப்பிடுங்க. வந்ததும் ஈரல், ஒரு தடவல், "போ, போயி வெளையாடு." இப்படிப் பலமுறை கூப்பிட்டு விட்டாத்தான் ஒரு முறை வாரை மாட்டுனா அதுக்குப் பெரிசாத் தெரியாது. எம்புட்டு லேட்டா வந்தாலும் வந்த நாயை வையக் கூடாது. ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன்: இது வெரட்டு நாயி. ஓடுற பூனையக் கண்டா ஒங்க ஈரலும் காதுல ஏறாது, ஒங்க சத்தமும் ஏறாது. வேலி இல்லாத எடத்துல, ரோட்டுப் பக்கத்துல, நீளக் கயிறு கட்டாம அவுத்து விட்டுறாதீக. இதைப் பழக்கிருவேன்னு எவனாவது காசு கேட்டா, எங்கிட்ட அனுப்புங்க.

பிரதமர் 2020 ஆகஸ்டுல வானொலியில ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு பேரைச் சொன்னாலும் சொன்னாரு, காரு போட்டு வந்து குட்டி கேக்காக. ராஜபாளையத்துக்கு 2005-லயே தபால்தலை வந்தாச்சு. நல்ல சங்கதிதான். ஆனா தபால்தலையப் பாத்து நாய் வாங்குனவுக, அது கால் நீட்டி ஓட எடம் வேணுங்கிறதைப் பாக்கல. வெயில் ஏறுமுன்ன ஒரு நல்ல ஓட்டம், சாயங்காலம் ஒரு ஓட்டம். அது இல்லாம ஈரல் கிலோக் கணக்குல போட்டாலும் செருப்பு மிஞ்சாது.

கடைசியா ஒண்ணு சொல்லிருதேன், அத்தை கூப்பிடுதா. ஜப்பான்ல 2015-ல பாத்திருக்காக: நாயும் வளக்குறவரும் கண்ணுக்குக் கண்ணு பாத்துக்கிட்டு இருந்தா, ரெண்டு பேரு ஒடம்புலயும் ஆக்சிடோசின் கூடுதாம். பெத்த புள்ளையத் தாய் பாக்கும்போது சுரக்குமே, அதே சத்துதான். வளத்த ஓநாய்கிட்ட இது நடக்கல, நாய்கிட்டதான் நடக்கு. நானும் காலையில இருந்து பாக்குதேன், லியோ ஒங்களை எத்தனையோ தடவை ஏறிட்டுப் பாத்துட்டு. நீங்க ஒரு தடவையும் பாக்கல. ஒங்க கண்ணு அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள கெடந்துச்சு.

கெடந்துச்சுன்னுதான் சொல்லுதேன், கெடக்குன்னு சொல்லல. வந்து உக்காந்தப்ப நிமிசத்துக்கு ஒருக்கப் போனை எடுத்தீக. இப்ப நல்ல நேரமா எடுக்கவே இல்ல, கவனிச்சீகளா? நாய் ஒங்க காலடியில தலையச் சாச்சுப் படுத்து எம்புட்டு நேரமாச்சுன்னு அதுவாவது தெரியுமா? நான் ஒங்களை ஒரு சொல்லு வையல. போன் பைக்குள்ள போனப்பதான் மொத மிட்டாய் குடுத்தேன். பெறகு அதை எடுக்காம நான் சொல்லுறதையே பாத்துக்கிட்டு இருந்தப்ப அடுத்தது. மெட்ராஸ்ல படிச்ச ஆளாச்சே, ரெண்டு மிட்டாய்க்குப் படியுமான்னு எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு.

சிரிங்க சிரிங்க. கோவம் இல்லேல்ல? ஆமா, டப்பாவுல இன்னும் ஒரு மிட்டாய் இருக்கு, அதைத்தான் பாக்குதீக, தெரியுது. இல்ல மாப்ள, இப்பத் தர மாட்டேன். பேத்தி காலேசுல போயி இதைச் சொல்லி எல்லாரும் சிரிப்பாங்களோன்னு எங்க புள்ளைக்கு வாட்ஸ்அப்புல எழுதப் போனை எடுத்துட்டீகள்ல.